இன்னொருக்கா

சில வருடங்களுக்கு முன், புத்தூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலில், ஒரு விஜயதசமிக் காலையில் நடந்தது இது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் உயர்தரச் சோதனைப் பெறுபேறு வந்திருந்தது. எனக்கு ஒரு பாடம் சித்தியில்லை.

அதன்பிறகு நான் வீட்டுப் படலையைத் தாண்டுவதே இல்லை. எங்கள் ஊரில் சோதனை முடிவு வந்தால், கடைக்குப் போனாலும் கேட்பார்கள், சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனாலும் கேட்பார்கள். கேட்டுவிட்டு "பரவாயில்லைப் பிள்ளை" என்று முகத்தை ஒரு மாதிரி வைப்பார்களே, அதைக் கண்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இனிப் படிப்பு வேண்டாம், யாழ்ப்பாணத்தில் ஒரு புடவைக்கடைக்கு வேலைக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அம்மா அழுதார். நான் அசையவில்லை. சோதனையைத் திரும்ப எடுத்து, திரும்பவும் விழுந்தால் எந்த முகத்தோடு நடமாடுவது?

அன்று கோயிலுக்குப் போனதே பக்கத்து வீட்டு அக்காவின் கரைச்சல் தாங்காமல்தான். அவருடைய மூன்று வயது மகளுக்கு ஏடு தொடக்கல். நான் வீட்டில் முடங்கிக் கிடந்த நாட்களில் சோதனையைப் பற்றிக் கதைக்காத ஒரே ஆள் அந்தச் சின்னவள்தான். பின்னேரங்களில் வந்து என் மடியில் ஏறியிருந்து, முற்றத்து மணலில் கோழிப்படம் கீறச் சொல்லுவாள், பூனை கீறச் சொல்லுவாள். என் கோழிக்கும் பூனைக்கும் பெரிய வித்தியாசம் இராது. அவளுக்கு அது பிரச்சினையே இல்லை.

ஏடு தொடக்குவதென்றால், பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் முதல் எழுத்தை எழுத வைப்பது. பிடிக்கிறவரின் படிப்பு பிள்ளைக்கும் வரும் என்று நம்பிக்கை. அதனால் நன்றாகப் படித்த ஆளாகப் பார்த்துத்தான் கேட்பார்கள். எங்கள் கோயிலில் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் வருடாவருடம் செய்வார். நான் ஒரு தூணுக்குப் பின்னால் போய் இருந்துகொண்டேன்.

சின்னவளின் முறை வந்தது. அதிபர் அவளை மடியில் இருத்தி விரலைப் பிடித்ததுதான் தாமதம், குழறி அழத் தொடங்கினாள். ஐயர் கற்கண்டு நீட்டிப் பார்த்தார். சரிவரவில்லை. திமிறி, தாம்பாளத்து அரிசியைச் சிதறடித்துக்கொண்டு இறங்கி, ஓடிவந்து என் மடியில் ஏறிவிட்டாள். கோயிலில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உயிரே போய்விட்டது.

அக்கா தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் வந்து இருந்தார்.

"நீயே தொடக்கிவிடு."

"அக்கா, நான் பெயில் விட்ட ஆள். என்ரை கை வேண்டாம்."

"அது அவளுக்குத் தெரியுமே? உன்ரை மடியிலைதானே அழாமல் இருக்கிறாள்."

"அதிபர் இருக்கேக்கை உவளோ தொடக்கிறது?" என்று யாரோ முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. அதற்குள் அதிபரே எழுந்து வந்துவிட்டார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அரிசியைக் கையால் பரப்பிச் சமனாக்கிவிட்டு, "பிடியுங்கோ பிள்ளை" என்றார்.

நான் அவள் விரலைப் பிடித்தேன். முற்றத்தில் கோழி கீறுகிற மாதிரியே சுழித்து 'அ' எழுதினோம். அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளங்கையால் அழித்துவிட்டு, என்னை அண்ணாந்து பார்த்து, "இன்னொருக்கா" என்றாள்.

எழுதினோம். அழித்தாள். "இன்னொருக்கா." மற்றப் பிள்ளைகள் காத்திருக்க, இவள் விடுகிறபாடாய் இல்லை. அதிபர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், அத்தனை வாரத்துக்குப் பிறகு. அவள் ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரியே ஆசையாக விரலை நீட்டினாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கண் கலங்கியது. பிள்ளைகளுக்கு எழுத்துப் படிப்பிக்கிற இந்த வேலையைத்தான் நான் செய்யவேண்டும் என்று அங்கேயே தோன்றிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "நான் திரும்பச் சோதனை எடுக்கப்போறன். ரீச்சரா வாறதெண்டால் எடுக்கத்தானே வேணும்" என்றேன். அம்மா "ஓம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, குசினிக்குள் போய் மூக்கைச் சிந்தினார்.

அந்த முறை சித்தியடைந்தேன். கல்வியியற் கல்லூரி நேர்முகத்தில், ஏன் ஆசிரியராக விரும்புகிறீர்கள் என்று கேட்டார்கள். எல்லோரையும் போலச் சேவை, சமுதாயம் என்று சொல்லிவைத்தேன். அரிசியும் கோழியும் அங்கே எடுபடாது. இன்று என் முதலாம் வகுப்புப் பிள்ளைகள் கோணலாக எழுதிவிட்டுப் பயத்தோடு என் முகத்தைப் பார்க்கும்போது, "இன்னொருக்கா" என்று சொல்லி விரலைப் பிடிக்கிறேன்; அந்தச் சொல்லை எனக்குப் படிப்பித்தவள் ஒரு மூன்று வயதுப் பிள்ளை என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.