சுந்தராம்பாள் சுட்ட தொப்புள்

வில்பட்டியில் பிள்ளைப்பேறு என்றால் சுந்தராம்பாளைத்தான் கூப்பிடுவார்கள். சும்மா சொல்லக்கூடாது, கை அப்படி. கொடியை வயிற்றோடு ஒட்டக் கட்டி அறுத்து, காய்ச்சின கரண்டிக் காம்பால் வெட்டுவாயைச் சுட்டு மூடிவிடுவாள். பச்சையாக விட்ட கொடியில் சீழ் வைத்து, இழுப்புக் கண்டு எத்தனையோ பிள்ளைகள் செத்திருக்கின்றன. அவள் சுட்ட பிள்ளை ஒன்றுகூட அப்படிப் போனதில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் தூக்கலாகவே உண்டு. இருக்கட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?

அறுபத்தொன்றாம் வருஷத்து ஐப்பசியில் அவள் தங்கை கண்மணிக்கு மூன்றாவது பிரசவம். முந்தின பிள்ளை பிறந்ததுமே மஞ்சள் பூத்துச் செத்துப்போனது. இதையாவது காப்பாற்ற வேண்டுமென்று, வலி கண்டதும் வந்துவிடும்படி கொடைக்கானல் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லியிருந்தார். வலி என்ன, சொல்லிக்கொண்டா வரும்? அடைமழையில் பாதையெல்லாம் மரம் விழுந்து கிடந்தது. பிள்ளையை வீட்டிலேயே சுந்தராம்பாள்தான் எடுத்தாள். ஆண் பிள்ளை. தங்கச்சி பிள்ளையாயிற்றே என்று வழக்கத்தைவிட அழுத்தியே சுட்டாள்.

மறுநாளே பிள்ளையின் முகம் மஞ்சளித்தது. கண்மணியையும் பிள்ளையையும் டோலியில் தூக்கிக்கொண்டு, சுந்தராம்பாளும் கூட வர, விழுந்த மரங்களைத் தாண்டி மழையோடு மழையாக ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அங்கே ரத்தம் முதற்கொண்டு தயாராக இருந்தது. தொப்புள்கொடிக்குள் பெரிய நரம்பு ஒன்று ஓடுகிறதாம். அது வழியாக மெல்லிய ட்யூபை நெஞ்சுவரை செலுத்தி, மஞ்சளுக்குக் காரணமான கெட்ட ரத்தத்தை உறிஞ்சி நல்லதை ஏற்றுவார்களாம். டாக்டரம்மா துணியை விலக்கிப் பார்த்தார்.

“யாரு கட்டுனது?”

“நாந்தாங்கம்மா.”

“இது வழியாத்தான் நான் உள்ள போகணும். கொடியே மிச்சமில்லையே.”

“பச்சையா விட்டா இழுப்பு வருங்களேம்மா.”

“உங்க மேல தப்பில்ல. கொடியச் சுடாதீங்கன்னு நாந்தான் முன்னாடியே சொல்லியிருக்கணும்.”

திட்டியிருந்தால்கூடத் தேவலை. கருகிய இடத்தை டாக்டரம்மா கீறிக் கீறிப் பார்த்தார், ட்யூப் நுழையவில்லை. தொடையில் அறுத்துத் தேடினார். நூலாட்டம் இருந்த நரம்பு கிழிந்துபோனது. மதுரைக்கு அனுப்பலாமென்றால் மலைப்பாதை சரிந்து கிடந்தது. எத்தனையோ பிள்ளைகளை ஏந்தி எடுத்த கையால் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பதைத் தவிர சுந்தராம்பாளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. சாயங்காலம் பால் குடிப்பதை நிறுத்தியது. விடிவதற்குள் போய்விட்டது.

கண்மணியிடம் யாரும் எதுவும் விளக்கிச் சொல்லவில்லை. அவள் துணியை விலக்கித் தொப்புளைப் பார்த்தாள்.

“நீ எம்புட்டுச் சுத்தமா கட்டியிருந்தேக்கா. அதப் போயி இப்பிடிக் கிழிச்சு வச்சிருக்காகளே, பாவிக. உங்கிட்டயே விட்டிருந்தா பொழச்சிருப்பான்” என்று அக்காள் தோளில் விழுந்து அழுதாள்.

அதை இல்லையென்று சொல்ல சுந்தராம்பாளுக்கு வாய் வரவில்லை, அன்றைக்கும் சரி, பிறகு எத்தனையோ வருஷம் கண்மணி அதையே சொல்லி அழுதபோதும் சரி.