பத்து நாள் பாடம்

பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த இரண்டாவது வருஷத்தில் எனக்கு எல்லாமே அலுத்துவிட்டது. முதல் ஒரு மாதம் லீவு இனித்தது, பொய் சொல்லக் கூடாது. அதற்கப்புறம் பாண்டி ஆடினாலும் அலுப்பு, வாய்க்காலில் குளித்தாலும் அலுப்பு, டி.வி. பார்த்தாலும் அலுப்பு. அம்மா பீடி சுற்றிக்கொண்டே கொட்டாவி விடுவாள். அதைப் பார்த்து நான் விடுவேன். வாசலில் கிடக்கும் நாயும் எங்களைப் பார்த்து வாயைப் பிளக்கும். நான் நான்காம் வகுப்புக்கு வந்துவிட்டேன் என்று சொன்னார்கள். மூன்றாம் வகுப்பை எப்போது முடித்தேன் என்பது எனக்கே தெரியாது.

எங்களை எல்லாம்விட அலுத்துப்போய்க் கிடந்தவர் அப்பா. அவருக்கு மைக் செட் தொழில். ஆழ்வார்திருநகரியிலிருந்து எங்கள் பக்கம் வரை ஆற்றங்கரை ஊர்களில் எந்தக் கோயிலில் கொடைத் திருவிழா நடந்தாலும் அப்பாவின் குழாய் ஸ்பீக்கர்கள்தான் பாடும். கொரோனா வந்ததும் கொடை நின்றது. கல்யாணங்கள் காதும் காதும் வைத்ததுபோல நடந்தன. அங்கே மைக்குக்கு என்ன வேலை? ஆம்பிளிபயரும் பெட்டிகளும் குழாய்களும் எங்கள் ஒற்றை அறையில் பாதியை அடைத்துக்கொள்ள, மிச்சப் பாதியில் நாங்கள் மூன்று பேரும் படுத்துக்கொண்டோம். அப்பா வாழைத்தார் சுமக்கும் வேலைக்குப் போனார். சாயங்காலம் வந்ததும் குழாய்களைத் துணியால் துடைப்பார். அது ஒன்றுதான் அவருக்குப் பொழுதுபோக்கு.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கு அப்போது ஒரே டீச்சர். பாளையங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வருவார். பஸ் நின்றதும் அவர் வருவதும் நின்றது. போனில் பாடம் அனுப்பிப் பார்த்தார். எங்கள் தெருக்களில் அந்த மாதிரி போன் நாலைந்து வீட்டில்தான் இருந்தது. அதுவும் காலையிலேயே அப்பாக்களின் சட்டைப் பைக்குள் ஏறி வயலுக்குப் போய்விடும். பாடம் வயலில் கிடக்கும், பிள்ளைகள் தெருவில் கிடப்போம். ஒருநாள் டீச்சர் அப்பாவைக் கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, ஒங்ககிட்ட குழாய் இருக்கு. எங்கிட்ட தொண்டை இருக்கு. ரெண்டையும் சேத்தா பள்ளிக்கூடம் நடத்திரலாம்லா?”

அப்பாவுக்குக் கொடை வந்ததுபோல ஆகிவிட்டது. அன்றைக்கே ஒரு குழாயைத் தண்ணீர்த் தொட்டியின் உச்சியிலும் இன்னொன்றைப் பள்ளிக்கூடத்து வேப்பமரத்திலும் கட்டினார். டீச்சர் காலையில் தன் குரலைப் பதிந்து அனுப்புவார். பத்து மணிக்கு அப்பா போனில் ஒயரைச் செருகிப் போடுவார். பிள்ளைகள் அவரவர் வீட்டு வாசற்படியில் நோட்டோடு உட்கார்ந்திருப்போம். தாரை இறக்கி வைத்துவிட்டு இதற்கென்று ஓடிவந்து, முடிந்ததும் மறுபடி ஓடுவார் அப்பா.

வாய்ப்பாடு ஊர் முழுக்க ஒலித்தது. பீடி சுற்றும் பெண்கள் கூடவே சொன்னார்கள். “புரிஞ்சுதா?” என்று டீச்சர் கேட்டால், அவருக்குக் கேட்காது என்று தெரிந்தும் குழாயைப் பார்த்து “புரிஞ்சுது டீச்சர்” என்று கத்துவோம். ரைஸ்மில்லில் ராக்காவல் பார்த்துவிட்டுப் பகலில் தூங்கும் கடைசி வீட்டு மாமா மட்டும் சண்டைக்கு வந்தார்.

“ஏம் வே, மனுசன் உறங்க வேண்டாமா? சத்தத்தைக் குறையும்.”

மற்றப் பிள்ளைகள் நைசாக வாய்க்கால் பக்கம் நழுவலாம். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆம்பிளிபயர் எங்கள் வீட்டில் இருந்தது. மைக் செட்காரர் மகளே எழுதவில்லை என்றால் ஊர் என்ன சொல்லும் என்று அம்மா என்னை அதன் பக்கத்திலேயே உட்கார வைத்துவிடுவாள். இரண்டு மாதம் ஓடியது. எனக்குக் குழாயைக் கண்டாலே எரிச்சல் வந்தது.

அப்படியிருக்கும்போது, ஒருநாள் காலையில் டீச்சர் பத்து நாள் பாடத்தை மொத்தமாக அனுப்பிவிட்டார்.

ஏன் அனுப்பினார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது தெரியாது. டீச்சருக்குக் காய்ச்சல் கண்டு மூச்சு முட்டத் தொடங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைப்பதற்காக வீட்டிலேயே இரண்டு நாள் காத்துக் கிடந்திருக்கிறார். அந்த இரண்டு நாளில் பத்துப் பாடங்களைப் பேசிப் பதிந்திருக்கிறார். நாளுக்கு ஒன்றாகப் போட வேண்டும், யாருக்கும் விஷயம் தெரியக் கூடாது என்று கடைசியில் அப்பாவுக்கு மட்டும் ஒரு சேதி வைத்திருந்தார். அப்பா அதைத் தனியாகக் கேட்டுவிட்டு வாயைத் திறக்கவில்லை. முதல் நாள் ஒன்று போட்டார், இரண்டாம் நாள் ஒன்று போட்டார். என்னிடம் சொன்னதெல்லாம் ‘டீச்சருக்குச் சோலி இருக்கு, பத்து நாளைக்கு உள்ளதைச் சேத்து அனுப்பிட்டாவ’ என்பதுதான்.

மூன்றாம் நாள் லாரி சீக்கிரமே வந்துவிட்டது. தாரை ஏற்றியாக வேண்டும், இடையில் ஓடிவர முடியாது. அப்பா போனை என் கையில் கொடுத்தார்.

“ஏளா, பத்து மணிக்கு மூணாவதை மட்டும் போடு. முடிஞ்ச ஒடனே அமத்திரணும். இல்லன்னா அடுத்தது தானா ஓடிரும், கேட்டியா?”

கேட்டேன். நன்றாகவே கேட்டேன். தானாக ஓடிவிடும் என்றால், ஓடட்டுமே! மிச்சம் எட்டுப் பாடம். எட்டையும் இன்றைக்கே ஓட விட்டுவிட்டால் நாளையிலிருந்து பாக்கி நாளெல்லாம் லீவு. இத்தனை சுலபமான கணக்கு இந்தப் பெரியவர்களுக்கு ஏன் எட்டவில்லை என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அம்மா சுற்றிய பீடியைக் கொடுக்கப் பக்கத்து ஊர்க் கடைக்குப் போயிருந்தாள். மைக்கை எடுத்து அப்பா மாதிரியே இரண்டு தட்டுத் தட்டினேன்.

“ஹலோ, ஹலோ. இன்னைக்கே எல்லாப் பாடமும் முடிஞ்சிரும். நாளையில இருந்து லீவு!”

தெரு முழுக்கப் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். என் வாழ்நாளில் அவ்வளவு பெரிய கைதட்டல் அப்புறம் கிடைக்கவில்லை.

மூன்றாவது பாடம் பெருக்கல். அது நன்றாகத்தான் போயிற்று. நான்காவதில் டீச்சர் ஒவ்வொரு வரிக்கும் நடுவில் நின்றார். ஐந்தாவது, சொல்வதை எழுதுதல். “மழை” என்பார். அப்புறம் சத்தமே இருக்காது. நாங்கள் எழுதி முடித்துவிட்டு, பென்சிலைச் சீவிவிட்டு, “எழுதியாச்சு டீச்சர்” என்று குழாயைப் பார்த்துக் கத்துவோம். நெடுநேரம் கழித்து “குடை” என்று வரும். ஏழாவது பாடம் மூன்றாவதில் பாதிகூட இல்லை. எட்டாவது அதைவிடச் சின்னது. எனக்கு ஒரே சந்தோஷம். டீச்சருக்கும் நம்மைப் போலவே அலுத்துவிட்டது, சீக்கிரம் முடிக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் மேல் முதல் தடவையாக எனக்குப் பிரியம் வந்தது அப்போதுதான்.

பத்தாவது பாடம் முடிந்ததும் நான் நோட்டை மூடிப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினேன். போனை அமர்த்த வேண்டும் என்பது நினைவில் இல்லை. நாங்கள் குதித்துக்கொண்டிருக்கும்போது குழாய் மறுபடியும் பேசியது.

“அண்ணாச்சி, இது பிள்ளைகளுக்கு இல்ல. ஒங்களுக்கு மட்டும். ஆஸ்பத்திரியில எடம் கெடச்சிட்டு, போறேன். ஒரு நாளைக்கு ஒண்ணாப் போடுங்க. ஒரு நாள் விட்டாலும் பெரிய பிள்ளைகளைத் தார் சுமக்கக் கூட்டிட்டுப் போயிருவாவ, பெறவு கூப்பிட்டாலும் வராது. பத்து நாளுக்குள்ள வந்துருவேன். யாருட்டயும் சொல்லாதீங்க, பிள்ளைகள் பயந்துரும்.”

கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.

“வரலன்னா... மறுபடி மொதல்ல இருந்து போடுங்க, அண்ணாச்சி.”

பிள்ளைகளுக்கு இல்லை என்று டீச்சரே சொல்லிவிட்டதால் நான் அதற்குக் காது கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரி என்றால் ஊசி போட்டு மாத்திரை தருவார்கள். எனக்கும்தான் போட்டிருக்கிறார்கள். நான் குதிப்பதை நிறுத்தவில்லை. மற்றவர்கள்தான் ஒவ்வொருவராக நின்றார்கள். வீடுகளிலிருந்து பெண்கள் மடியில் பீடி இலையோடு எழுந்து வாசலுக்கு வந்தார்கள்.

வாய்க்கால் கரையில் அப்பா ஓடிவந்துகொண்டிருந்தார். தான் தார் சுமக்கும் வாழைத்தோப்பு வரை கேட்க வேண்டும் என்று அவரே திருப்பிக் கட்டிய குழாய் அது. லாரி இரைச்சல் ஓய்ந்து ஒன்பதாவது பாடம் ஓடுவது கேட்டதுமே தாரைப் போட்டுவிட்டு ஓடிவரத் தொடங்கியவர், கரையைச் சுற்றி வந்து சேர எல்லாம் முடிந்துவிட்டது. முதுகில் அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அப்பா உள்ளே போய் ஆம்பிளிபயரை அமர்த்திவிட்டு ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்தார். சட்டையெல்லாம் வாழைக்கறை. பீடி கொடுக்கப் போன அம்மா வழியிலேயே கேட்டுவிட்டு, முக்கால் ஓட்டமாக வந்தாள்.

“ஒங்களுக்குத் தெரியுமா? எங்கிட்டகூட சொல்லலியே?”

“சொல்லாதேன்னு சொன்னாவளே. நான் என்ன செய்ய?”

அவ்வளவுதான். அடி வாங்காமல் தப்பித்துவிட்டதில் எனக்குப் பெருமைதான்.

மறுநாள் காலையில் பாயைவிட்டு எழுந்திருக்கவே கூடாது என்று முடிவு செய்து படுத்திருந்தேன். பத்து மணிக்குக் குழாய் பேசியது. “பிள்ளைகளா, நேத்து ரெண்டாம் பாடம் முடிச்சோம். இன்னைக்குப் பெருக்கல்.” அப்பா வேலைக்குப் போகாமல் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார்.

“இது நேத்தே கேட்டாச்சு!” என்று கத்தினேன். தெருவிலும் பிள்ளைகள் அதையே கத்தினார்கள்.

“கேட்டா என்ன? எழுதுனியாட்டி? நோட்டைக் காட்டு” என்றாள் அம்மா. எதிர்வீட்டு அத்தை தன் மகனைத் தோளைப் பிடித்து வாசற்படியில் அழுத்தினாள். “வாயை மூடிட்டு எழுதுலே.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஊருக்கே நேற்று நடந்தது மறந்துவிட்டதா? சத்தத்தைக் குறைக்கச் சொல்லிச் சண்டை போட்ட ராக்காவல் மாமா தூக்கக் கண்ணோடு வந்து நின்றார்.

“என் வீட்டுப் பக்கம் சரியாக் கேக்கல வே. குழாயை இங்கிட்டுக் கொஞ்சம் திருப்பும்.”

சொல்வதை எழுதுதல் வந்த நாளில் பெண்கள் பீடி இலை வெட்டும் கத்தரிச் சத்தம்கூட நின்றுவிட்டது. “மழை” என்று குழாய் சொன்னதும் தெரு முழுக்க அசையாமல் உட்கார்ந்திருந்தது. அடுத்து “குடை” வரும் என்று எனக்கே தெரியும். இவ்வளவு பெரியவர்களுக்குத் தெரியாதா? “குடை” வந்த பிறகுதான் அம்மா கத்தரியை மறுபடி எடுத்தாள்.

பாடம் முடிந்ததும் அப்பா தினமும் டீச்சர் நம்பருக்குப் போன் போடுவார். அணைத்து வைத்திருப்பதாக ஒரு பெண்குரல் சொல்லும். அதை இரண்டு தடவை கேட்டுவிட்டுத் தோப்புக்குப் போவார். அத்தனை நாளில் ஊரில் ஒருவர்கூட என் மேல் கோபப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு பெரிய தப்பைச் செய்துவிட்டு அத்தனை நிம்மதியாக நான் அப்புறம் இருந்ததே இல்லை.

ஒருவழியாகப் பத்தாவது பாடம் வந்தது, முடிந்தது. இனிமேல் போடுவதற்கு ஒன்றும் இல்லை. நாளைக்குக் காலையிலேயே வாய்க்காலுக்குப் போக எதிர்வீட்டுப் பிள்ளைகளோடு பேசி வைத்தேன். மறுநாள் பத்து மணிக்கு அப்பா முதலாவது பாடத்தைப் போட்டார். எனக்கு அழுகை வரும் போல இருந்தது. அதற்கு மறுநாள் இரண்டாவது. அன்றைக்குத் தெருவில் பாதி வாசற்படிகளில்தான் பிள்ளைகள் இருந்தார்கள். இரண்டு பையன்கள் என் அப்பா வேலை செய்யும் தோப்புக்கே தார் சுமக்கப் போய்விட்டார்கள். அப்பா அவர்களைத் திட்டித் திருப்பி அனுப்பினாராம். இன்னும் இரண்டு நாள் போனால் இந்தப் பாடம் தானாகவே படுத்துவிடும் என்று நான் நம்பினேன். நாளை மட்டும் பல்லைக் கடித்துக்கொள்வோம் என்று படுத்தேன்.

மறுநாள் காலையில், மணி பத்தாகச் சற்று முன்னால், போன் டிங் என்றது. அப்பா எடுத்துப் பார்த்தார். டீச்சர் நம்பரிலிருந்து ஒரு குரல் சேதி. அம்மா கத்தரியைக் கீழே வைத்தாள்.

“யாரு பேசி அனுப்பிருக்கா? அவியளா, வீட்டு ஆளா?”

“தெரியலியே” என்றார் அப்பா.

எதையும் முதலில் தான் கேட்டுப் பார்த்துவிட்டு ஊருக்குப் போடுகிற மனிதர், அன்றைக்கு அதைக் காதில் வைக்கவில்லை. கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒயரை எடுத்துச் செருகி, அப்படியே குழாயில் போட்டுவிட்டார். அதைத் தனியாகக் கேட்கிற தெம்பு அவருக்கு இல்லை என்பது இப்போது தெரிகிறது.

முதலில் மூச்சு. அப்புறம் மெல்லிய குரல்.

“பிள்ளைகளா... எல்லாரும் நோட்டை எடுங்க. இன்னைக்குப் புதுப் பாடம்.”

எதிர்வீட்டு அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அம்மா அழுதாள். ராக்காவல் மாமா தொட்டி உச்சியிலிருந்த குழாயைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். அப்பா ஆம்பிளிபயருக்குப் பின்னால் குனிந்து ஏதோ ஒயரைத் தேடுவதுபோல முகத்தை மறைத்துக்கொண்டார். நானும் அழுதேன். எல்லோரையும்விடச் சத்தமாக, தரையில் உட்கார்ந்து காலை உதைத்து அழுதேன். அம்மா என்னை அள்ளி மடியில் போட்டுக்கொண்டு, டீச்சர் மேல் என் மகளுக்கு எவ்வளவு பாசம் பாருங்கள் என்று தெருவுக்கே காட்டினாள்.

புதுப் பாடமாம். இனி எத்தனை பாடம் வருமோ! என் லீவு போயே போய்விட்டது. அதற்காகத்தான் அழுதேன். அம்மா மடியில் கிடந்தபடி தெருவை ஒருமுறை பார்த்தேன். அத்தனை பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். பாவம், இவர்களுக்கும் லீவு போய்விட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.