கைதட்டு ஓயும் வரை

நான் கணக்கு டீச்சர், தூத்துக்குடிப் பக்கம் நாசரேத்துக்காரி. லீவு நாட்களில் டென்னிஸ் போட்டிகளுக்கு நடுவராகப் போவேன். யார் வேண்டுமென்றே நேரத்தை இழுக்கிறார்கள் என்பது என் கண்ணுக்குத் தப்பாது என்று எனக்கொரு நினைப்பு இருந்தது.

இரண்டு வருடங்களுக்கு முன் தூத்துக்குடியில் பெண்களுக்கான தொழில்முறைப் போட்டி ஒன்று நடந்தது. அரையிறுதிக்கு என்னை உயர நாற்காலியில் உட்காரவைத்தார்கள். ஒரு பக்கம் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஆறுமுகநேரிப் பெண். எதிரே கோயம்புத்தூரிலிருந்து தனியாக வந்திருந்த பெண். பார்க்க வந்த முந்நூறு பேரும் ஆறுமுகநேரிக்குத்தான் கைதட்டினார்கள்.

ஒரு பாயிண்ட் முடிந்து நான் ஸ்கோரைச் சொன்னதும் கடிகாரத்தை அமுக்குவேன். இருபத்தைந்து விநாடிக்குள் சர்வீஸ் போட்டாக வேண்டும். முதல் முறை தவறினால் எச்சரிக்கை. அடுத்த முறை முதல் சர்வீஸ் போய்விடும், இரண்டாவது மட்டும்தான் மிஞ்சும்.

கோவைப் பெண் முதல் செட்டைத் தோற்றாள். அதற்குப் பிறகு அவள் நடையே மாறிவிட்டது. ஒவ்வொரு பாயிண்டுக்கும் மூலைக்குப் போய் முகம் துடைத்தாள். மட்டையின் நரம்புகளை ஒவ்வொன்றாக நேர்ப்படுத்தினாள். பந்தைத் தட்டிக்கொண்டே நின்றாள். சூடேறி ஆடுகிற எதிராளியை ஆறவிடப் பார்க்கிறாள் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்தபின் அவள் தண்ணீர் குடித்தால்கூடத் தந்திரமாகத் தெரிந்தது. இருபத்தாறாவது விநாடியில் எச்சரித்தேன்.

இரண்டாவது செட், நான்குக்கு நான்கில் அவள் சர்வீஸ். நீண்ட நேரம் ஓடி ஓடி அடித்து ஒரு பாயிண்ட் எடுத்தாள். ஒருவரும் தட்டவில்லை. முப்பது–பதினைந்து என்று உடனே சொன்னேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். நேரம் தாண்டியது. முதல் சர்வீஸைப் பறித்தேன். அந்த கேமே அவள் கையை விட்டுப் போனது.

இடம் மாறும்போது என் நாற்காலிக்குக் கீழே வந்து நின்றாள்.

“மேடம், கடிகாரத்தை எப்பங்க அமுக்கறீங்க?”

“ஸ்கோர் சொன்னதும்.”

“அவங்க ஜெயிச்சா கைதட்டு ஓயற வரைக்கும் ஸ்கோரே சொல்ல மாட்டேங்கறீங்க. நான் ஜெயிச்சா உடனே சொல்லிடறீங்க. அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே இருபத்தஞ்சுங்களா?”

“போய் ஆடுங்க,” என்றேன். கூட்டத்துச் சத்தத்தில் ஸ்கோர் காதில் விழாதென்றுதான் காத்திருக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அடுத்தது ஆறுமுகநேரிப் பெண்ணின் சர்வீஸ். அவள் ஒரு பாயிண்ட் எடுத்ததும் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். ஏழு எண்ணிய பிறகுதான் என் வாய் திறந்தது. அடுத்த பாயிண்டுக்கு எட்டு. அதற்குப் பிறகு சத்தத்துக்கு மேலேயே கத்திச் சொன்னேன். ஆனால் அந்த கேமோடு ஆட்டம் முடிந்துவிட்டது. ஊர்ப் பெண் ஜெயித்தாள்.

தலைமை நடுவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். உள்ளூர்க்காரர், பெரியவர். சிரித்தார்.

“விடுங்க டீச்சர். நம்ம ஊருப் பிள்ளைதான ஜெயிச்சிருக்கு. யாரு கேக்கப்போறா?”

அரையிறுதிக்கு என்னைப் போட்டவர் அவர்தான். எதற்காக என்னைப் போட்டார் என்று அப்போதுதான் யோசித்தேன். யோசித்ததை அவரிடம் கேட்கவில்லை. என் தவறை மட்டும் அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வாங்கி மடித்துப் பையில் வைத்தார். முடிவு மாறாது என்று இருவருக்கும் தெரியும்.

கோவைப் பெண் வாசலில் ஆட்டோவுக்கு நின்றிருந்தாள். பக்கத்தில் போய், “நீ சொன்னது சரிதாம்மா. தப்பு என்மேலதான்,” என்றேன்.

தோளிலிருந்த பையைக் கீழே இறக்கி வைத்தாள்.

“நானும் வேணும்னேதாங்க இழுத்தேன். வேற வழி தெரியல,” என்றாள். பிறகு, “ஆனா நான் இழுத்தது எல்லாருக்கும் தெரிஞ்சது,” என்றாள்.

ஆட்டோ வந்தது. பையைத் தூக்கிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். மறுநாள் இறுதி ஆட்டத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. அறிக்கைதான் காரணமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.