அக்காவின் இலையில் வைத்த விரால்

சொந்தபந்தங்களுக்கு வணக்கம். அக்கா போய் ஓர் ஆண்டாகிறது. "நல்ல விதமா நாலு வரி எழுதும்மா, யாரு மனசும் நோவாம" என்று சின்ன மாமா சொல்லியனுப்பினார். நோகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் அக்கா மதுராந்தகம் பக்கத்தில், நம் ஊர் ஏரிக்கரையில் பிறந்தவர். கல்பாக்கத்தில் கொத்தனார் வேலை பார்த்த கணவர் காய்ச்சலில் இறந்ததும், படித்துக்கொண்டிருந்த என்னையும் அழைத்துக்கொண்டு செங்கல்பட்டுக்கு வந்தார். பஸ் நிலையத்தருகே கூழ்க்கடை போட்டார். கேழ்வரகுக் கூழ், மோர்மிளகாய், சின்ன வெங்காயம். அந்தப் பக்கம் போன நம் உறவினர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். "இட்லி சுட்டாலும் ஒரு மருவாதி. கூழு ஊத்திக்கினு மானத்த வாங்கறா" என்று பேசியது எங்கள் காதுக்கும் வந்தது. பிறகு ஒவ்வொருவராகச் சர்க்கரை வியாதி வந்து, அதே வாயால் "கொஞ்சம் கேவுரு மாவு குடும்மா" என்று கேட்டபோது அக்கா சிரித்துக்கொண்டே கொடுத்தார். நானாயிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்.

அக்காவுக்கு ஏரி விரால் என்றால் உயிர். அதையும் விடவைத்தவர்கள் நீங்கள்தான். கோடையில் ஏரி வற்றி மதகோரப் பள்ளத்தில் மட்டும் தண்ணீர் நிற்கும். வலை வீசச் சோம்பல்பட்டு, வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தை அதில் ஊற்றி, மிதக்கும் மீனைக் கூடையில் அள்ளும் வழக்கத்தை நம் ஊரில் தொடங்கிவைத்தவர் சின்ன மாமா. அக்கா நேரே போய்க் கேட்டார்.

"ஏன் மாமா, இந்தத் தண்ணியத்தானே மாடு குடிக்குது? நம்ப பசங்க குளிக்குதுங்க?"

"அதுக்கு இன்னா இப்போ? நல்லா கழுவிட்டா போச்சு. மீனுதான் செத்துது, நாமளா செத்தோம்?"

அன்றிலிருந்து அக்கா ஏரி மீனைத் தொடவில்லை. ஆசை வந்தால் மாமல்லபுரம் பஸ் ஏறி, கட்டுமரம் கரை சேரும்வரை காத்திருந்து சங்கரா வாங்கி வருவார். ஒவ்வொரு கோடையிலும் கடையை மூடிவிட்டு, குடையும் கூழ்ச்சட்டியுமாக அந்தப் பள்ளத்தோரம் போய் உட்கார்ந்துகொள்வார். அவர் இருக்கும்வரை யாரும் மருந்தோடு வரவில்லை. பைத்தியம் என்று மட்டும் சொன்னீர்கள்.

போன கோடையில் அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தார். மூச்சு வாங்கும்போதுகூட, "பள்ளத்தாண்ட யாருனா கீறாங்களாடி?" என்று கேட்டார். "நீ மொதல்ல கஞ்சியக் குடிக்கா" என்றேன். சிறுவயதிலிருந்தே இதயத்தில் கோளாறு என்று டாக்டர் சொன்னார். நீங்களோ, கூழும் கீரையும் தின்றே செத்தாள் என்று எழவு வீட்டிலேயே பேசினீர்கள். அட, நாக்கு அழுகாதா!

காரியம் முடிந்த மறுநாள் கவிச்சி ஆக்கிப் படைப்பது நம் வழக்கம். இலையில் விரால் குழம்பு இருந்தது. "ஏது மீனு?" என்றேன். "நம்ப ஏரிதான். உங்கக்காவுக்கு உசுராச்சே" என்றார் மாமா. நான் கத்தினேன். "நல்லது கெட்டது நடக்கற எடத்துல இன்னாடி பேஜாரு" என்று அத்தை என் வாயைப் பொத்தினார். சோற்றோடு மீனையும் பிசைந்து கூரைமேல் வைத்தார்கள். காகம் வந்தது. "வந்துட்டா பாரு எங்கண்ணு!" என்று எல்லோரும் கும்பிட்டு அழுதீர்கள். தின்ற காகம் கொஞ்ச நேரத்தில் இறக்கை வெட்டி இழுக்க முற்றத்தில் விழுந்து செத்தது. "அது சீக்கு காக்கா" என்றார் மாமா. ஆனால் அவரும் இலையில் உட்காரவில்லை.

அந்தக் காகத்தை அக்கா என்றுதானே கும்பிட்டீர்கள்? அப்படியானால் விஷம் வைத்தது யாருக்கு?

நன்றி சொல்ல வேண்டும். கடைசிவரை பார்த்த டாக்டருக்கும், தினமும் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுவந்து தந்த பஸ் கண்டக்டர் அண்ணனுக்கும், பாடை சுமந்தவர்களுக்கும், அன்று குழம்பு முழுவதையும் குழி வெட்டிப் புதைத்த பங்காளிக்கும் நன்றி. நம் எல்லோருக்கும் முன்னால் தின்று பார்த்த காகத்துக்குப் பெரிய நன்றி.

ஆண்டுப் படையலை வீட்டில் வைக்கவில்லை. மதகோரப் பள்ளத்தில், அக்கா உட்கார்ந்த இடத்தில் இலை போடுகிறேன். கேழ்வரகுக் களியும் முருங்கைக்கீரையும்தான். எல்லோரும் வாருங்கள். குடிக்கத் தண்ணீர் அந்தப் பள்ளத்திலிருந்தே மொண்டு வைப்பேன். முதல் சொம்பு சின்ன மாமாவுக்கு.