லாரிச் சக்கரம் போட்ட பிக்கப்

எங்கள் கல் குவாரியில் எல்லோரும் அவரை ஸ்டெப்னி என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த லாரி படுத்துக்கொண்டாலும் மாற்றுக்கு ஓடி வருவது அவருடைய பிக்கப்தான். அதனால் வந்த பெயர். நான் ஸ்டெப்னி அண்ணன் என்பேன். எனக்கு எடைமேடையில் வேலை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வேலைக்குச் சேர்ந்த அன்றே அதை எல்லோரிடமும் சொல்லிவிட்டதால் எனக்கு டிகிரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

அண்ணனுடைய பிக்கப் கனரக வண்டி. பின்னால் நீளமான தொட்டி, முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சீட். அந்தச் சீட்டில் பூப்போட்ட உறையோடு ஒரு குஷன் கிடக்கும். அது அண்ணியுடையது. யாராவது லிஃப்ட் கேட்டால் குஷனை எடுத்துப் பின்னால் சொருகிவிட்டுத்தான் ஏற்றிக்கொள்வார். அவர்கள் இறங்கியதும் தூசி தட்டி மறுபடி போடுவார்.

முன்பெல்லாம் அண்ணி அவரோடு கூடவே லோடுக்குப் போவாராம். ஒரு மத்தியானம் குவாரி இறக்கத்தில் கல் வெட்டி முன் டயர் வெடித்தது. வண்டி இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளத்தின் விளிம்பில் நின்றது. அண்ணி தன் பக்கக் கதவைத் திறந்து பார்த்தார். கீழே தரை இல்லை.

அந்த மாதமே மகளின் பிரசவத்துக்கென்று போனவர், பேரன் பள்ளிக்கூடம் போகும் வயதாகியும் திரும்பவில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. ஃபோனில் பேசிக்கொள்வார்கள். "வாயேன்" என்பார் இவர். "அந்த டயரை வச்சிக்கிட்டு என்னைக் கூப்பிடாதீங்க" என்பார் அவர். அண்ணன் ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு, டயரில் சிக்கிய கல்லை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிக்கொண்டிருப்பார். அவருடைய அறைக்கு நான் போயிருக்கிறேன். கொடியில் ஒரு பாதி முழுக்க அவர் துணி. மறு பாதி காலி. துணி நெருக்கிக் கிடந்தாலும் அந்தப் பக்கம் தள்ளிப் போடமாட்டார்.

ஒரு நாள் லாரிச் சக்கரங்களையே மாட்டிவிடுவது என்று முடிவு கட்டினார். லாரி டயரின் பக்கச்சுவர் தடிமன். குவாரிக் கல் அதை அவ்வளவு சுலபமாக வெட்டாது.

"பிக்கப்புக்கு லாரிச் சக்கரமா? ஆட்டுக்குட்டிக்கு பூட்ஸ் போட்ட மாதிரி இருக்கும்யா" என்றார் மெக்கானிக்.

"நடக்குதான்னு பாரு. அழகு பாக்கவா வந்தேன்?"

லாரிச் சக்கரத்தின் துளைகள் இந்த வண்டியின் போல்டுகளோடு சேரவில்லை. லேத்தில் கடைந்த கனத்த இரும்புத் தட்டை நடுவில் வைத்து, தட்டை வண்டியோடும் சக்கரத்தைத் தட்டோடும் முடுக்கினார்கள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தபோது டயர் மட்கார்டில் உரசியது. அந்த விளிம்பை அறுத்தெடுத்தார்கள். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து எல்லா நட்டையும் மறுபடி முடுக்கினார்கள். வண்டி உயர்ந்துவிட்டது; அண்ணிக்கோ முழங்கால் வலி. கதவுக்குக் கீழே ஒரு படியைப் பற்றவைத்து, அதில் தானே நாலு தடவை ஏறி இறங்கிப் பார்த்துக்கொண்டார்.

சக்கரம் பெரிதானதால் முள் காட்டுவதைவிட வண்டி வேகமாக ஓடும். எவ்வளவு வேகம் என்று நான் கணக்குப் போட்டு, மீட்டர் கண்ணாடியில் சிவப்புப் பெயின்டால் கோடு போட்டுக்கொடுத்தேன். "படிச்ச கோடுடா இது. இதைத் தாண்ட மாட்டேன்" என்றார்.

லோடோடு வண்டி மெத்தை மாதிரி போனது. சக்கரம் மாற்றியதைக் கேட்டு அண்ணியும் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டார். முந்தின நாள் வண்டியைக் கழுவக் காலியாக ஓட்டிப்போனபோதுதான் வினை தெரிந்தது. ஒவ்வொரு குழிக்கும் வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது. குஷன் சீட்டை விட்டே கீழே விழுந்தது.

"லாரி டயர் அப்படித்தான். பாரம் இருந்தா அடங்கும், காலியா இருந்தா உதைக்கும். காத்தைக் கொஞ்சம் குறைச்சிக்க" என்றார் மெக்கானிக்.

"குறைச்சா சூடாகும். சூடானா வெடிக்கும். எதுக்குப் பயந்து போனாளோ அதையே நான் பண்ணணுமா?"

ஞாயிற்றுக்கிழமை குவாரிக்கு விடுமுறை; காலையில் கேட் சாவியோடு நான் மட்டும் இருந்தேன். இஸ்திரி போட்ட சட்டையில் அண்ணன் கேட்டுக்கு வெளியே நின்றார்.

"டிகிரி, கேட்டைத் திற. கொஞ்சம் சல்லி அள்ளிக்கிறேன். மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன்."

"இன்னிக்கு யாருக்குண்ணே லோடு?"

"யாருக்கும் இல்ல. அவ போற வரைக்கும் வண்டியில கிடக்கட்டும். அப்புறம் இதே குவியல்ல கொட்டிடறேன்."

சட்டையைக் கழற்றிக் கதவில் மாட்டிவிட்டு அள்ள ஆரம்பித்தார். இன்னொரு மண்வெட்டியை நானும் எடுத்துக்கொண்டேன். ஸ்பிரிங் அழுந்தி உட்கார்ந்ததும், "போதும்டா" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்.

மறுநாள் சாயங்காலம் எடைமேடையில் வந்து நின்றார். தொட்டியில் சல்லி அப்படியே இருந்தது.

"அண்ணி வந்தாங்களாண்ணே?"

"வந்தா. பெரிய பெட்டியோட வந்தாடா. வர்ற வழியில தூங்கிட்டா தெரியுமா? அந்த இறக்கத்துலகூட கண்ணைத் திறக்கல." சொல்லும்போது அவர் முகம் அப்படி மலர்ந்திருந்தது.

"அப்புறம்?"

"ரூம் வாசல்ல இறங்கிப் பின்னாடி பாத்தா. ஞாயித்துக்கிழமையும் லோடான்னு கேட்டா. ஆமான்னுட்டேன். இன்னிக்குக் காலையிலயும் வண்டி நிறைய கல்லு இருக்கு. அதைப் புது லோடுன்னு நினைச்சிக்கிட்டா. 'தனியாக் கிடந்து தவிக்கிறீங்களோன்னு பெட்டியைத் தூக்கிட்டு வந்தேன். நீங்க பொழுதன்னிக்கும் லோடுல இருக்கீங்க. நான் இங்க இருந்து சுவத்தையா பாக்கறது? அங்க பேரனாவது தேடுவான்'னா. இப்பதான் பஸ் ஏத்திட்டு வரேன்."

"உண்மையைச் சொல்லியிருக்கலாமேண்ணே."

"என்னன்னு? உனக்காக ஊர்க் கல்லையெல்லாம் சுமந்துக்கிட்டு சுத்தறேன்னா? மககிட்டச் சொல்லிச் சிரிப்பா." மீட்டரில் நான் போட்ட சிவப்புக் கோட்டின் மேல் படிந்த தூசியை விரலால் துடைத்தார். "சொல்ல வாய் வரலடா. நான் நல்லா இருக்கேன்னு நினைச்சு அவ்வளவு நிம்மதியா பஸ்ல உக்காந்தா."

குவியல் பக்கம் கை காட்டி, "கொட்டிடலாமா?" என்றேன்.

"நாளைக்குக் கொட்டிக்கலாம். காலியாப் போனா உதைக்கும்."

குஷனை ஒரு தட்டுத் தட்டி நேராக வைத்தார். வண்டி எடைமேடையை விட்டு ஆடாமல் இறங்கி, அவர் அறை இருக்கும் தெருப்பக்கம் திரும்பியது.