சண்முகவடிவின் அரை வயிறு

சண்முகவடிவு என்ற பெயரை நான் முதலில் கேட்டது, பிரஜாவுரிமைப் பேச்சு தேயிலைத் தோட்டமெல்லாம் அடிபட்ட வருசம். என் கொழுந்தன் சின்னத்தம்பிக்குப் பெண் பார்க்க ராகலைக்குப் போன மாமனார், திரும்பி வந்து சாக்கில் உட்கார்ந்ததும் சொன்னார்: "பொண்ணு பேரு சண்முகவடிவு. வாசல்ல நின்னா காம்பராவுக்குள்ள வெளிச்சம் வராது." மாமியார் சிரிக்கவில்லை. நல்லா வேலை செய்யுமா என்று மட்டும் கேட்டார்.

அப்படித்தான் அவள் எனக்கு ஓரகத்தியாகி, மஸ்கெலியாப் பக்கத்தில் இருந்த எங்கள் லயத்து வரிசையில், எங்களுக்கு அடுத்த ஒற்றையறைக் காம்பராவுக்கு வந்தாள். சின்னத்தம்பி ஈர்க்குச்சி மாதிரி இருப்பான். இரண்டு பேரும் சேர்ந்து கோயிலுக்குப் போனால், யானை பாகனைக் கூட்டிக்கொண்டு போகுது என்று கங்காணி முதல் எல்லாரும் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். பாகன் களைத்துப்போனால் யானைதான் தூக்கிக்கொண்டு வரணும் என்று திருப்பிக் கொடுப்பாள். கல்யாண வீட்டில் அவள் பந்தியில் உட்கார்ந்தால் பரிமாறுகிறவர்களுக்கே உற்சாகம் வந்துவிடும். கொழுந்து எடுப்பதிலும் அவள் கூடை பின்தங்கியதில்லை.

பல வருசம் கழித்து அவளுக்கு வயிற்றில் எரிச்சல் வந்தது. சோறு விழுந்தால் எரிச்சல் அடங்கும். அதனால் இன்னும் தின்றாள், இன்னும் பருத்தாள். ஒருநாள் மலையிலேயே இரத்தமாக வாந்தி எடுத்தாள். தோட்டத்து டாக்டரையா கண்டிக்கு அனுப்பினார். நானும் கூடப் போனேன். அங்கே பெரிய டாக்டர் சிங்களத்தில் சொன்னதை, தமிழ் தெரிந்த நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி எடுத்துச் சொன்னாள். வயிற்றில் ஆழமான புண். பாதிக்கு மேல் வெட்டி எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒரு கோப்பைச் சோறுதான் தாங்கும், அதையும் கொஞ்சம் கொஞ்சமாக நாளெல்லாம் சாப்பிட வேண்டும். உடம்பு வற்றிப்போகும். இனிமேல் வயிறு முட்டச் சாப்பிட்டால் மறுபடி இரத்தம் வரும். ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்க மாசி பிறந்துவிடும், அதற்குள் மனசைப் பழக்கிக்கொள் என்றாள்.

மனசைப் பழக்குவது எப்படி என்று அவள் சொல்லவில்லை.

அன்றிலிருந்து சண்முகவடிவால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பை மூட்டுவாள், உடனே அணைப்பாள். தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போய் வெறுங்குடத்தோடு திரும்புவாள். மெலிந்த பிறகு போட வேண்டுமே என்று ரவிக்கையைப் பிடித்துத் தைப்பாள், மறுநாள் பிரிப்பாள். டீக் கோப்பையில் சோறு போட்டுக்கொண்டு, யாரும் பார்க்காமல் மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்ப்பாள். பாதியில் கோப்பையை வைத்துவிட்டு வாசலுக்கும் அடுப்புக்குமாக நடப்பாள். ஒரு சாயங்காலம் என்னிடம் கேட்டாள்.

"அக்கா, எளைச்சுப் போனா என்னைய யாரு கேலி பண்ணுவா?"

கேலி பண்ணாவிட்டால் நல்லதுதானே என்றேன்.

"அது இல்லக்கா. சிரிச்சுச் சிரிச்சுத்தான் எல்லாரும் என்னைய சேத்துக்கிட்டாங்க. சும்மா ஒரு பொம்பளையா எப்படி இருக்கிறதுன்னு எனக்குத் தெரியாது."



இதற்குள் ராகலையிலிருந்து ஆள் வந்தது. அவள் தம்பி அழகுமுத்துவின் மகள் நாகலெட்சுமி பெரியவளாகிவிட்டாள். அந்தப் பிள்ளை பிறந்தபோதே, சண்முகவடிவின் மகன் முத்துலிங்கத்துக்கு என்று பேசி வைத்தது. சடங்கில் அத்தைக்காரி தண்ணீர் ஊற்றி, பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இலையில் விழுந்ததை முழுக்கச் சாப்பிட்டு மடிக்க வேண்டும். எங்கள் சனத்து முறை அது. சோறு மிஞ்சினால் சம்பந்தத்தில் மனசில்லை என்று அர்த்தம்.

வயிறு வெட்டப் போவதை ராகலையில் மூச்சு விடக்கூடாது என்று சின்னத்தம்பி சொல்லியிருந்தான். சீக்கு வீடு என்று பெண் கொடுக்க யோசிப்பார்கள் என்பது அவன் பயம். பஸ்ஸில் அவள் முந்தானையை முறுக்கிக்கொண்டே வந்தாள். நுவரெலியாவில் பஸ் மாறும்போது, திரும்பிப் போய்விடலாமா என்று என் காதில் கேட்டாள்.

தண்ணீர் ஊற்றி முடிந்து இலை போட்டார்கள். அத்தைக்கு என்று சிரித்துக்கொண்டே சோற்றைக் குவித்தார்கள். அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசைந்து சாப்பிட்டாள். பிறகு கை நின்றுவிட்டது. மற்றவர்கள் இலையெல்லாம் மடிந்தாயிற்று. பக்கத்தில் நாகலெட்சுமி தலையைக் குனிந்தபடி அத்தையின் இலையையே பார்த்துக்கொண்டிருந்தது.

அழகுமுத்துவின் பெண்சாதி ராக்காயி வந்து நின்றாள்.

"என்னங்க மதினி, எங்க வீட்டுச் சோறு எறங்கலையா? இல்ல, எங்க பொண்ணு எறங்கலையா?"

அழகுமுத்துவும் வந்தான். முகம் கறுத்திருந்தது. தூரத்திலிருந்து சின்னத்தம்பி, சாப்பிடு என்று கண்ணைக் காட்டினான். சண்முகவடிவு ஒரு பிடி அள்ளினாள். வாயருகே கொண்டுபோய், மறுபடி இலையிலேயே வைத்தாள்.

"தம்பி, பொண்ணு எனக்கு வேணும். சோறுதான் முடியாது. வயித்துல புண்ணு, ரத்தம் வருது. மாசியில கண்டியில பாதி வயித்த வெட்டி எடுக்கப் போறாங்க. இனிமே எந்தப் பந்தியில உக்காந்தாலும் இவ்வளவுதான் திம்பேன். எளைச்சு வேற ஆளா வந்து நிப்பேன். சீக்காளி வீடுன்னு நெனச்சா இப்பவே சொல்லிரு."

ராக்காயி புருசன் முகத்தைப் பார்த்தாள். அவன் அக்காவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, இலையைத் தன் பக்கம் இழுத்து, மிச்சச் சோற்றைச் சாப்பிட ஆரம்பித்தான்.

"சின்னதுல என் சோத்தையும் சேத்துத் தின்னவதான நீ," என்றான், வாயில் சோற்றோடு. "இப்ப என் மொறை. மடிக்கிறத மட்டும் நீ மடி."

அவள் மடித்தாள்.

கண்டிக்குப் போகிற நாள் வரைக்கும் அவள் நடந்துகொண்டேதான் இருந்தாள், ரவிக்கையைத் தைத்துப் பிரித்துக்கொண்டேதான் இருந்தாள். ஆனால் கோப்பைச் சோற்றை மூலையில் ஒளிந்து சாப்பிடவில்லை, வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஆப்பரேசன் முடிந்து வந்தவளை, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் பார்த்து, இது யாரு என்று சிலர் கேட்டார்கள். சின்னத்தம்பி கட்டின ரெண்டாம் தாரம் என்று அவளே சொன்னாள். மலை ஏறிக் கொழுந்தெடுக்க உடம்பு இடம் கொடுக்கவில்லை. கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவில் ஆயா வேலை கொடுத்தார்கள். அங்கே நினைத்த நேரம் ஒரு வாய் சாப்பிடலாம்.

சின்னத்தம்பி காலமாகிவிட்டான். சண்முகவடிவு இப்போது ராகலையில், மகன் முத்துலிங்கத்தோடும் மருமகள் நாகலெட்சுமியோடும் இருக்கிறாள்.