வசன அட்டையும் தவளக்குப்பம் பஸ்ஸும்

என் பெரியம்மாவோடு பஸ் ஏறுவதற்கு, போகிற ஊருக்கு நடந்தே போய்விடலாம். புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் பஸ்கள் காலியாக வந்து நிற்கும், பாட்டை அலறவிட்டபடி நிரம்பிக் கிளம்பும். பெரியம்மா ஒன்றிலும் ஏறமாட்டார். எந்தப் பக்கம் கைப்பிரதி கொடுத்து ஊழியம் செய்யப் போவது என்று ஆண்டவர் இன்னும் சொல்லவில்லையாம்.

ஆண்டவர் சொல்வது ஒரு பிளாஸ்டிக் டப்பா வழியாக. அதற்குள் பைபிள் வசனம் அச்சடித்த அட்டைகள் இருந்தன. மற்ற வீடுகளில் புது வருஷத்தன்று வாக்குத்தத்தம் என்று ஒன்றை எடுப்பார்கள், அலமாரியில் ஒட்டுவார்கள், மறந்துபோவார்கள். பெரியம்மா சனிக்கிழமைதோறும் எடுப்பார். கண்ணை மூடி எடுத்து என்னிடம் நீட்டுவார், அவருக்குப் படிக்கத் தெரியாது. என் பத்து வயதுச் சனிக்கிழமைகள் அத்தனையும் பறிபோனது அந்த ஒரே காரணத்தால்தான். வசனத்தில் தண்ணீர் வந்தால் துறைமுகம் இருக்கும் தேங்காய்த்திட்டு, மலை வந்தால் கோரிமேடு. இரண்டும் இல்லாமல் ஆடு, மேய்ச்சல் என்று வந்து தொலைத்தால் விளக்கம் கிடைக்கும்வரை நின்றபடியே ஜெபம். வேறு அட்டை எடுக்கலாமே என்றால் ஆண்டவரைச் சோதிக்கக்கூடாது என்பார்.

போன இடத்தில் மாலை மரியாதையா நடந்தது? தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனி வாசலில் கைப்பிரதியைக் கிழித்து அவர் முகத்திலேயே எறிந்தார்கள். குனிந்து ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கினார், என்னையும் பொறுக்கவைத்தார். தேங்காய்த்திட்டில் மீன் விற்கிற அம்மா ஒருவர் கைப்பிரதியை வாங்கி அதிலேயே கருவாடு மடித்தார். “வூட்டுல போயி பிரிப்பாங்கல்ல, அப்ப கண்ணுல படும்” என்றார் பெரியம்மா. இவரோடு என்ன பேசுவது?

ஊருக்கெல்லாம் சொன்னவர் பெரியப்பாவிடம் மட்டும் வாய் திறந்ததில்லை. ஞானஸ்நானம் எடுத்து ஈரத் தலையோடு தவளக்குப்பம் வீட்டுக்குப் போன அன்றே பெரியப்பா அவரை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். அதுவரை ஒரு சொல் கடிந்து பேசாத மனிதர். நாலு வருஷமாகப் பெரியம்மா எங்கள் வீட்டில்தான் இருந்தார். டப்பாவில் எந்த அட்டை வந்தாலும் தவளக்குப்பம் பஸ் மட்டும் வராது. “கட்டுன புருசன் கிட்ட போவ தைரியம் இல்ல, ஊரத் திருத்தக் கெளம்பிட்டா” என்று அம்மா முணுமுணுப்பார்.

அந்தச் சனிக்கிழமை நாலு மணிக்கு, கூடப் படித்தவள் வீட்டில் புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் கார் ஓட்ட என்னைக் கூப்பிட்டிருந்தாள். பெரியம்மா எடுத்த அட்டையிலோ திரளான தண்ணீர் இருந்தது. மீன் நாற்றத்தோடு எப்படிப் போவேன்? அட்டையைப் பார்த்து, “உன் வீட்டுக்குத் திரும்பிப் போ” என்று படித்தேன்.

“இன்னொரு வாட்டி படி பாப்பா.”

பாஸ்டர் குரலில், “உன் வீட்டுக்கும் உன் இனத்தாரிடத்துக்கும்” என்று அழகுக்காக ஒரு சொல் சேர்த்தேன். நான் நினைத்தது எங்கள் வீட்டை. தவளை தன் வாயால் கெடும். பெரியம்மா டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தார். ஜெபம்கூடச் செய்யவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நேராகத் தவளக்குப்பம் பஸ்ஸில் ஏறிவிட்டார். நான் படித்தது பொய் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு, ஆண்டவர் குழந்தை வாயால் பேசினார் என்று அவர் சபையில் சாட்சி சொல்ல, எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்து ஸ்தோத்திரம் சொன்ன கொடுமையையும் வாயை மூடிக்கொண்டு அனுபவித்தேன்.

நாங்கள் போய் இறங்கியபோது பெரியப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். கேட்டுக்கு வெளியே நின்ற பெரியம்மாவைப் பார்த்தார். பிறகு அவர் தோளில் தொங்கிய பையைப் பார்த்தார். அதில் வேதமும் கைப்பிரதிகளும் இருப்பது பெரியப்பாவுக்குத் தெரியாதா? வந்து கேட்டைத் திறந்தார்.

“பைய அங்கியே வச்சிட்டு உள்ள வா.”

அப்பாடா, வேலை சுலபமாக முடிந்தது என்று கையை நீட்டினேன். “குடு பெரிம்மா, நான் புடிச்சிக்கிறேன்.”

பெரியம்மா பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். “இத வுட்டுட்டு வர முடியாதுங்க” என்றார்.

“ஒன் இஷ்டம்” என்று பெரியப்பா மாட்டிடம் போய்விட்டார். கேட்டைச் சாத்தவில்லை. நாங்கள் வெயிலில் அப்படியே நின்றோம். எனக்குக் கால் வலித்தது, கம்ப்யூட்டரும் போயிற்று. பெரியம்மா இரண்டு தடவை காலை எடுத்து முன்னால் வைத்தார், இரண்டு தடவையும் பின்வாங்கினார். கடைசியில், “முட்டி வலிக்கி தைலம் தேய்ங்க” என்று மாட்டுப் பக்கம் பார்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

பஸ்ஸில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். எனக்குப் பொறுக்கவில்லை. “அஞ்சு நிமிசம் பைய கீழ வச்சா இன்னா பெரிம்மா? யாரு தூக்கிக்கினு போவப் போறாங்க?”

“உள்ள வான்னுட்டாரு பாப்பா” என்றார். அதையே திரும்பவும் சொன்னார்.

பெரியப்பா விரட்டிவிட்டார், அதனால் அழுகிறார் என்றுதான் அந்த வயதில் நினைத்தேன். விரட்டியிருந்தால் அவர் அவ்வளவு அழுதிருக்கமாட்டார் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.